ஆந்தூரியத்துக்கு நீர் விடு நெறி: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

பாயிரம்

நீர் பாய்ச்சும் கலையில் தமிழருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை இன்றும் காவிரிக்கு வழிசொல்லிக் கொண்டிருக்கிறது. ஏரிக்கு மதகு, மதகுக்கு முறை, முறைக்கு ஓர் ஆள் என்று எல்லாம் வகுத்தாயிற்று. ஆனால் மூன்றாம் மாடிப் பால்கனியில், எட்டு அங்குலத் தொட்டியில் நிற்கும் ஆந்தூரியத்துக்கு எப்போது நீர் விடுவது என்பதற்கு முறையான நூல் இல்லை. அக்குறை போக்க எழுந்தது இது.

சிறப்புப் பாயிரத்துக்கு உரியவற்றுள் மூன்றை மட்டும் இங்கே சொல்லி அமைவோம். நுதலிய பொருள்: நீர் விடாமல் இருத்தல். பயன்: செடி சாகாமை. கேட்போர்: நர்சரியில் “வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்?” என்று கேட்டு, “ரெண்டு தடவை ஊத்துங்க சார்” என்ற விடையோடு நிம்மதியாக வீடு திரும்பியோர் அனைவரும்.

திணை

இச்செடி எத்திணைக்கு உரியது? பிரெஞ்சுத் தாவரவியலார் எதுவார் ஆந்த்ரே 1876இல் இதை ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவில் கண்டார். செடியின் பெயரில் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆகவே குறிஞ்சி என்பர் ஒரு சாரார். 1889இல் சாமுவேல் மில்ஸ் டேமன் இதை லண்டனிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோய் வளர்த்ததால் நெய்தல் என்பர் மற்றொரு சாரார். சோபாவுக்கும் கண்ணாடிக் கதவுக்கும் நடுவே நிற்பதைக் கண்டோர் திணைமயக்கம் என்று முடித்துக்கொள்வர்.

நமக்கு வேண்டியது ஒன்றே. பிறந்த காட்டில் இது மரத்தைத் தொற்றியும் சருகுப் படுகையில் வேரோடியும் வாழ்வது. அங்கே மழை ஓயாது. பெய்த நீரோ ஒரு நொடியும் நில்லாது. வேர் நனையும், நனைந்த கையோடு காற்றும் வாங்கும். அந்த வேரைத்தான் நாம் செம்மண்ணில் புதைத்து, மேலே நன்றாக அமுக்கியும் விடுகிறோம்.

இடைப்பிறவரலாக ஒன்று. ஆந்தூரியத்தின் சிவந்த ஏடு பூ அன்று, பாளை. பூக்கள் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கதிரில் பொடிப்பொடியாக இருக்கின்றன. வெட்டிச் சாடியில் வைத்தாலே இரண்டு வாரம் வாடாத பாளை அது. எனவே அதன் சிவப்பை வேரின் நலத்துக்குச் சான்றாகக் காட்டுவது செல்லாது.

நூற்பா

விரல்நனை யாவழி விடுநீர் அமிழ்தே
நனைவழி விடுநீர் நஞ்சென மொழிப.

உரை

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், நீர் விடுதற்குரிய காலத்தையும் விடலாகாக் காலத்தையும் உணர்த்துதல் நுதலிற்று.

விரல் என்றது சுட்டுவிரலை. முதற்கணு மறையும்வரை மண்ணில் இறக்குக. பொதுப்பட விரல் என்றமையால், நகச்சாயம் பூசியோர் ஐஸ்கிரீம் குச்சியும் கொள்ளலாம். மேல்மண்ணின் நிறம் கண்டு துணிதல் இதனால் விலக்கப்பட்டது. நர்சரித் தொட்டியில் பெரும்பாலும் இருப்பது தென்னைநார்க் கழிவு. அது மேலே வெளுத்துக் காய்ந்து கிடக்கும்போதே அடியில் சொதசொதவென்று இருக்க வல்லது.

அமிழ்து என்றமையால் சொட்டுச் சொட்டாகத் தருக என்று பொருள்கொள்ளற்க. விடும்போது தொட்டியின் அடித்துளை வழியே நீர் வெளிவரும்வரை தாராளமாக விடுக. தினமும் அரைக் குவளை விடுவோர் மேல்வேரை நனைத்து அடிவேரைக் காயப்போடுவதோடு, தண்ணீரின் உப்பையும் தொட்டிக்குள்ளேயே சேமித்து வைக்கின்றனர்.

நஞ்சு என்றது மிகைப்படக் கூறலோ எனின், அன்று. வேரும் மூச்சு விடும். காற்றில் பரவுவதைக் காட்டிலும் ஆக்சிஜன் நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணின் இடுக்கெல்லாம் நீர் நிறைந்து நின்றால் வேர் மூச்சுத் திணறும். பித்தியம் முதலிய நுண்ணுயிர்கள் வந்து மிச்சத்தை அழுகச் செய்யும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீரில் நின்றபடியே செடி தாகத்தால் வாடும்.

பிறர் மதம் மறுத்தல்

நன்னூலார் ஏழு வகை மதம் வகுத்தார். நமக்கு இங்கே மறுத்தல் ஒன்றே போதும்.

நித்தியவாதியர்: காலையில் பல் துலக்கியதும் செடிக்கு நீர் விடுவோர். இவர்கள் துளசி மாடத்தின் விதியை ஆந்தூரியத்துக்கும் நீட்டியவர்கள். பக்தி மறுக்கத்தக்கதன்று, பொருந்தாத இடத்தில் வைத்ததே குற்றம்.

வாரவாதியர்: செவ்வாய், வெள்ளி என்று கிழமை குறித்தோர். அக்கினி நட்சத்திரத்துச் செவ்வாயும் கார்த்திகை அடைமழைச் செவ்வாயும் ஒன்றே எனக் கொள்வதால் இவர் மதம் ஆண்டில் பாதி நாள் பிழைபடும்.

வாட்டவாதியர்: இலை தொங்கினால் மட்டும் விடுவோர். கேட்க நியாயமாகத் தோன்றும். மூன்றிலும் ஆபத்தானது இதுவே. நீர் குறைந்தாலும் இலை தொங்கும், நீர் மிகுந்து வேர் அழுகினாலும் இலை தொங்கும். இரண்டாவதை முதலாவதாகக் கொண்டு, “ஐயோ பாவம்” என்று ஒரு சொம்பு ஊற்றுவர். இலை இன்னும் தொங்கும். இன்னொரு சொம்பு ஊற்றுவர். ஆந்தூரியங்கள் பல இரக்கத்தால் இறந்தவை.

இன்னொரு கூட்டத்தார், விடியலில் இலை விளிம்பில் முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்த்துச் செடி அழுகிறது என்பர். வேர் இரவில் உறிஞ்சிய நீரில் மிகுந்ததை இலை விளிம்பின் நுண்துளைகள் வெளியேற்றுகின்றன, அவ்வளவே. ஆறுதலுக்கென்று மேலும் நீர் விட வேண்டாம்.

கொள்கலன்

ஓட்டைக் குடமாகிய இல்லிக்குடத்தை நன்னூல் கடைமாணாக்கர்க்கு உவமை ஆக்கியது. ஊற்றியதெல்லாம் ஒழுகிப்போவது கல்விக்குக் குற்றமாக இருக்கலாம். ஆந்தூரியத்துக்கு அதுவே தலைமாணாக்கர் இலக்கணம். துளையில்லாப் பீங்கான் சாடி எத்துணை அழகாயினும், திருமணப் பரிசாகவே வந்ததாயினும், விலக்கத்தக்கது.

துளைக்கு ஈடாக அடியில் கூழாங்கல் பரப்பினால் போதும் என்பது பரவலான கொள்கை. பொடிமண்ணில் உள்ள நீர், அம்மண் நிறைந்து பிதுங்கும்வரை கீழுள்ள கல்லுக்குள் இறங்காது. ஆகவே கல் பரப்பியதன் பயன், ஈரப்படுகை கல்லின் உயரத்துக்கு மேலேறி வேரை நெருங்கியதே. கல்லை எடுத்துவிட்டுத் தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் மண்ணோடு கலப்பது நலம்.

தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் நீரை அன்றே கொட்டிவிட வேண்டும் என்பதற்கு அரசுத் தரப்பு ஆதரவும் உண்டு. ஏடிஸ் கொசுவுக்கு முட்டை முதல் இறக்கை வரை ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசு ஒழிப்புப் பணியாளர் டார்ச்சோடு குனிந்து தட்டைப் பார்ப்பது நம் ஆய்வுக்கான வெளித்தேர்வாளர் வருகை எனக் கொள்க.

நீரின் வகை

ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரைச் செடிக்கு ஊற்றி, ஒரு சொட்டும் வீணாக்கவில்லை என்று மகிழ்வோர் உளர். நம் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்நீரில்தான் இருக்கிறது. இலைநுனி பழுப்பாய்க் கருகுவதும் தொட்டி விளிம்பில் வெள்ளை பூப்பதும் அதன் கைவண்ணமாக இருக்கலாம். மழைநீர் உத்தமம். ஏ.சி. வடிக்கும் நீர் உப்பில்லாதது, மத்திமம். எந்நீராயினும் மண்ணில் விடுக, இலைமேல் தெறிக்க விடற்க. 1980களில் ஹவாய்த் தோட்டங்களைச் சூறையாடிய பாக்டீரியக் கருகல் நோய், முன்சொன்ன விளிம்புத் துளைகளின் வழியேதான் இலைக்குள் நுழைந்தது.

புறனடை

கூறாதன எல்லாம் கூறியவற்றின் வழியே உணர்ந்துகொள்க. ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்லத்தக்கது. காலையில் அப்பா, பதினொரு மணிக்கு அம்மா, மாலையில் பாட்டி என, மற்றவர் விட்டிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் ஒவ்வொருவரும் நீர் விடும் வீட்டில் நூற்பா பயன்படாது. அவ்வீட்டார் கூடிப் பேசி, தம்முள் மிகச் சோம்பல் உடையவரிடம் குவளையை ஒப்படைக்க. அவர் விரலை மண்ணில் வைக்கவும் சலித்துக்கொண்டால், தொட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்க்கச் சொல்லுக. கனத்தால் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அவருக்கு அது பிடிக்கும், செடிக்கும் பிடிக்கும்.