பித்தளைக்கு வந்த பவிசு

ஏல மருமவனே, வெள்ளிக்கிழமை வெள்ளென எந்திரிச்சு, ஆண்டாப் ஹில்லுல இருந்து சோர் பஜார் வரைக்கும் போயி, ரோமாபுரி ராசா காசு வாங்கியாந்துட்டியாமே! கரூர் ஆத்துல கெடச்சதுன்னு வித்தவன் சத்தியம் பண்ணானாக்கும்? சத்தியத்துக்குத் தனியா துட்டு கேட்டானா, காசோட சேத்தே குடுத்துட்டானா?

சரி, காட்டு. பழைய சாமான் வாங்குத பங்கார் கடையில பித்தளை எடை போட்டே தலை நரைச்சவன் நான். எழுத்து படிக்க வராட்டியும் உலோகம் படிக்க வரும்.

அகஸ்டஸ் ராசா கி.மு. 23 வாக்குல சில்லறையை ஒழுங்கு பண்ணுனான். செஸ்டெர்ஷியஸும் டுபோண்டியஸும் பித்தளை, ஆஸ் செம்பு. டுபோண்டியஸும் ஆஸும் ஏறத்தாழ ஒரே அளவு, மதிப்பு மட்டும் ரெண்டுக்கு ஒண்ணு. ஏமாந்துரக் கூடாதுன்னு, நீரோ காலத்துல இருந்து டுபோண்டியஸ் ராசாவுக்குக் கதிர்க் கிரீடம் வச்சாங்க. ஆஸ்ல வெறுந்தலை, இல்லன்னா இலை மாலை. செஸ்டெர்ஷியஸ்தான் பெரியாளு: சுமார் 25 கிராம், அகலம் 3 சென்டிமீட்டருக்கு மேல. பின்பக்கம் அநேகமா 'எஸ்', 'சி'ன்னு ரெண்டு எழுத்து, செனட் சபை பேரைச் சொல்லி. உன் காசுல கிரீடமும் இருக்கு, இலை மாலையும் இருக்கு. ராசாவுக்குத் தலை ஒண்ணுதாம்ல!

ஓரத்தைப் பாரு. ரோமக் காசு அச்சுல வச்சுச் சம்மட்டியால அடிச்சது. உன்னுதுல வார்ப்புக் கோடு சுத்தி ஓடுது, முகமெல்லாம் காத்துக்குமிழிப் பள்ளம். ராசாவுக்கு அம்மை போட்டிருந்துச்சும்பியோ? காந்தம் ஒட்டலன்னு பெருமை வேற! நேத்து வார்த்த பித்தளையிலயும் ஒட்டாதுடே. அசலே கையில வந்தாலும் உன் அத்தைகிட்டக் குடுத்துராத. புளியைப் போட்டுத் தேய்ச்சு, ரெண்டாயிரம் வருசக் களிம்பை ரெண்டு நிமிசத்துல கழுவிருவா.

இப்ப கணக்குக்கு வா. நாலு செஸ்டெர்ஷியஸ் ஒரு வெள்ளி டெனாரியஸ். நூறு கிராம் பித்தளை செய்யுத வேலையை நாலு கிராம்கூட இல்லாத வெள்ளி செய்யுது. மிளகு வாங்கக் கடல் தாண்டுன யவனன் எதைக் கப்பல்ல ஏத்துவான்? வருசம் 5 கோடி செஸ்டெர்ஷியஸ் இந்தியாவுக்குப் போவுதேன்னு ரோமாபுரி எழுத்தாளன் பிளினி முதல் நூற்றாண்டுலயே பொலம்பினான். கணக்குதான் பித்தளையில, வந்து எறங்குனது பொன்னும் வெள்ளியும். புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல கெடச்ச 501 காசும் பொன்னு. கரூர் அமராவதி மணல்ல செம்பு கெடச்சதும் மெய்தான். ஆனா அதுல அநேகம் நாலு, அஞ்சாம் நூற்றாண்டுப் பொடிக்காசு. உன்னுது அப்பளத்துக்குப் பங்காளி மாதிரில்லா இருக்கு!

இதைத் துபாய்க்கு அனுப்பி லட்சம் பாக்கப் போறியாமே? நூறு வருசம் தாண்டுன காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் வருசச் சட்டம் விடாது. ஆக, அசல்னா உனக்கு இன்னொரு மாமியார் வீடு. போலின்னா என் தராசு. யோசிச்சுச் சொல்லு. பித்தளை வெலை குடுத்துருதேன். சொந்தக்காரன்ங்கிறதால கழிவு மட்டும் கொஞ்சம் கூடப் பிடிச்சுக்கிடுதேன்.