போகவே இல்லையாம்!

அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளும் வீட்டுக்குள் தடியோடு நுழைந்த பக்கத்து வீட்டுக்காரர், திரும்பி வந்ததும் முதலில் மறப்பது தான் போனதைத்தான். அடி வாங்கியவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

1918இல் ரஷ்யாவில் உள்நாட்டுப் போர். பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான் என்று ஆளாளுக்குப் படை அனுப்பினார்கள். ரஷ்ய உள்விவகாரத்தில் தலையிடும் எண்ணமே இல்லை என்றார் அமெரிக்க அதிபர் வில்சன். சொன்ன கையோடு ஆர்க்காங்கெல்ஸ்குக்குச் சுமார் 5,000 பேரும் சைபீரியாவுக்குச் சுமார் 8,000 பேரும் கப்பலேறினார்கள். ராணுவக் கிடங்குகளுக்குக் காவலாம்! ஆர்க்காங்கெல்ஸ்கில் காவலர்கள் இறங்குவதற்குள் கிடங்குச் சரக்கில் பெரும்பகுதியை, ஆட்சியைப் பிடித்திருந்த போல்ஷெவிக்குகள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நவம்பரில் உலகப் போரே முடிந்தது. காவல் மட்டும் முடியவில்லை; சைபீரியாவில் அது 1920 ஏப்ரல் வரை நீண்டது. அங்கே தலைமை தாங்கிய ஜெனரல் கிரேவ்ஸ், வாஷிங்டன் எதைச் சாதிக்க நினைத்தது என்று தனக்கே விளங்கவில்லை எனப் பிற்பாடு புத்தகமே எழுதினார்.

சோவியத் அரசை அமெரிக்கா அங்கீகரிக்க 1933 ஆயிற்று. 1959இல் அமெரிக்காவுக்கு விருந்தினராக வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ், எங்கள் சிப்பாய்கள் உங்கள் மண்ணை மிதித்ததில்லை, உங்களவர்கள் எங்கள் மண்ணுக்கு வந்தார்கள் என்று நினைவூட்டிவிட்டுப் போனார். கேட்டவர்களில் பலருக்கு அது புதுச் செய்தி.

1984இல் அதிபர் ரீகன், நம் இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒருவரோடொருவர் போரிட்டதே இல்லை என்று சோவியத் மக்களை நோக்கி உருகினார். அவரைக் குறை சொல்லக் கூடாது. போனவர்கள் துப்பாக்கியோடு சுற்றுலா போயிருக்கலாம். சில நூறு பேர் ஊர் திரும்பவில்லை, அவ்வளவுதான்.