காப்பியல்: ஒரு முன்னாய்வு

அமெரிக்கச் சதுர நடனத்தில் நான்கு இணைகள், ஆக எட்டுப் பேர், சதுரமாக நிற்பார்கள். அடுத்த அடி என்னவென்று அவர்களுக்குத் தெரியாது; மைக் பிடித்து நிற்பவர் சொல்லச் சொல்ல ஆடுவார்கள். அவருக்குக் காலர் என்று பெயர். சட்டைக் காலரோடு மயங்கற்க.

இந்நடனம் பற்றி லாய்டு ஷா 1939-இல் ‘கவ்பாய் டான்சஸ்’ என்னும் நூலை எழுதினார். 1974-இல் காலர்களின் ‘காலர்லேப்’ அமைப்பு தன் முதல் மாநாட்டைக் கூட்டியது. ஆயினும் காலர் ஊர் ஊராகச் சுமக்கும் ஆம்பிளிஃபையரைக் காப்பது பற்றித் தமிழில் முறையான நூலொன்று யாம் கண்டதில்லை. இவ்விடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு. (ஆய்வேடுகள் யாவும் இடைவெளியை நிரப்பவே பிறக்கின்றன. இடைவெளி கேட்டதா என்பது வேறு.)

ஒலிக்கருவிக்குப் பகை ஐந்து.

கால்: தடுக்கும். வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுக.

வெயில்: காருக்குள் விட்ட இசைத்தட்டு அப்பளமாகும்.

குளிர்: மின்னசோட்டா பனியில் டிக்கியிலேயே கிடந்த பெட்டியைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால் கருவிக்கு வியர்க்கும். மூடியது மூடியபடி வெதுவெதுப்பாகட்டும். பிறகு சுவிட்சைப் போடலாம்.

அதிர்வு: 45 சுற்று இசைத்தட்டுக் காலத்தில் மரத்தளம் குலுங்கினால் ஊசி துள்ளும், பாட்டு தாவும், சொந்த இணை வந்து சேரவேண்டிய இடத்தில் அடுத்தவர் இணை நிற்கும். டர்ன்டேபிளுக்கு அடியில் ஸ்பாஞ்சு வைத்தார்கள். லேப்டாப் வந்தபின் இப்பகை வீடுபேறடைந்தது.

இனி, காப்பி. நூற்பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. காப்பு + இயல் = காப்பியல் என்றே யாம் பெயரிட்டோம். இதற்கு இனி எழப்போகும் உரைகளை இப்போதே மேற்கோள் காட்டிவிடுவது நலம். முதல் உரைகாரர் காப்பி + இயல் என்று பிரிப்பார். இரண்டாமவர், அப்படியானால் காப்பியியல் என்றல்லவா வரும், உடம்படுமெய் எங்கே என்று மடக்குவார். மூன்றாமவர், ஏடு பெயர்த்தவர் காப்பி குடித்துக்கொண்டே எழுதியதால் அது கறைக்குள் மறைந்தது என்று, 14ஆம் ஏட்டில் உள்ள வட்டக்கறையைச் சான்று காட்டுவார். நான்காமவர் அந்த வட்டத்தை அளந்து, டம்ளர் அன்று, டபரா என நிறுவுவார். அதை மறுத்து ‘வட்டக்கறை மறுப்பு’, அதையும் மறுத்து ‘வட்டக்கறை மறுப்பின் மறுப்பு’ வெளிவரும். இரண்டுக்கும் ஒரே துணைவேந்தர், இரண்டையும் படிக்காமல், அணிந்துரை தருவார். மூவருக்கு முனைவர் பட்டமும் கிடைக்கும்.

இதற்குள் காப்பி கொட்டிவிட்டது.

கொட்டாமல் என்ன செய்யும்? ஆம்பிளிஃபையர் சிலவற்றின் தலையில் சூடு வெளியேறச் சல்லடைக் கண்கள் உண்டு. மண்டபத்தில் டம்ளர் வைக்க அவ்வளவு சமமான, வெதுவெதுப்பான இடம் வேறில்லை. துணி போட்டு மூடலாமே என்பார்க்கு: ஓடும் கருவியை மூடினால் சூடு உள்ளேயே தங்கி, துணியே ஆறாம் பகையாகும். காப்பியை விலக்கலாமே என்பார்க்கு: மாலை முழுதும் கூவுகிறவரின் தொண்டையை யார் காப்பது?

எனவே காப்பிக்குத் தனியே, எட்டி ஒரு முக்காலி போடுக. நாற்காலி கூடாது. யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.