ஆலிவர் சாக்ஸும் ஓர் ஈயச்சொம்பும்

சிலருடைய வாழ்க்கையைப் படித்தால் ஊக்கம் பிறக்கும் என்பார்கள். எனக்குச் செலவுதான் பிறந்தது. ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் மருத்துவரைப் படித்த வகையில் நான் வாங்கியவை: ஒரு தொட்டிச் செடி, ஜிம்முக்கு ஓராண்டுச் சந்தா, கெட்டி அட்டை போட்ட நோட்டுகள், ஓர் ஈயச்சொம்பு. இவற்றில் இன்றைக்கும் உருக்குலையாமல் இருப்பவை நோட்டுகள் மட்டும்தான். அவற்றில் நான் எதுவும் எழுதவில்லை.

சாக்ஸ் 1933இல் லண்டனில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே மருத்துவர்கள். அந்தக் காலத்திலேயே அம்மா அறுவை சிகிச்சை நிபுணர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, கலிஃபோர்னியாவில் பயிற்சி பெற்று, 1965இல் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார். 2015 ஆகஸ்ட் 30 அன்று, 82 வயதில் அங்கேயே காலமானார். ராபின் வில்லியம்ஸ் தாடி வைத்துக்கொண்டு மருத்துவராக நடித்த 'அவேக்கனிங்ஸ்' என்ற 1990ஆம் ஆண்டுப் படம் இவருடைய புத்தகத்திலிருந்து வந்ததுதான். நம்மூர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனின் 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்' நூலுக்கு முன்னுரை எழுதியவரும் இவரே. தொழில் மருத்துவம். அதற்கு வெளியே மோட்டார் சைக்கிள், பளுதூக்கல், நீச்சல், பெரணிச் செடி, கணவாய் மீன், பியானோ, தனிம வரிசை அட்டவணை. எதையும் அவர் சும்மா பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளவில்லை. பித்துப் பிடித்துத்தான் திரிந்தார்.

ஒருவருக்கே இத்தனை பித்து என்றால் எனக்கு ஒன்றிரண்டாவது பிடிக்காதா என்று கிளம்பினேன்.

முதலில் பளு. சாக்ஸ் 1961இல் 600 பவுண்டை, அதாவது சுமார் 272 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து, கலிஃபோர்னியா மாநிலச் சாதனை படைத்தவர். ஐந்து சிமெண்டு மூட்டைக்கும் மேல். எங்கள் தெருமுனை ஜிம்மில் இருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களுக்கு வெயிட்டே வேணாம். வெறும் ராடை மட்டும் தோள்ல வச்சுப் பாருங்க" என்றான். வெறும் ராடே 20 கிலோ என்பதை அவன் சொல்லவில்லை. உட்காருவது எனக்கு நன்றாகவே வந்தது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவன் ராடைத் தூக்கினான், இன்னொருவன் என்னை.

சாக்ஸும் விழுந்திருக்கிறார். 1974இல் நார்வேயில் தனியாக மலையேறப் போன இடத்தில் ஒரு காளையைக் கண்டு மிரண்டு ஓடி, உருண்டு விழுந்து, இடது தொடையின் தசைநாண் கிழிந்துவிட்டது. கையிலிருந்த குடையை வைத்துக் காலைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறங்கினார். அந்தக் காலை வைத்து 1984இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். எனக்கு ஜிம்மில் பிடித்துக்கொண்ட இடுப்பு, தைலத்தோடு முடிந்துபோன இடுப்பு.

அடுத்தது பெரணி. பூ கிடையாது, காய் கிடையாது, வாசனை கிடையாது. பூக்கும் செடிகள் பூமிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்ட கிழட்டுக் குலம். அமெரிக்கப் பெரணிச் சங்கத்தில் சாக்ஸ் உறுப்பினர். அந்தக் கூட்டத்தோடு மெக்சிகோவின் வாஹாக்கா பகுதிக்குப் போய் வந்து, 2002இல் ஒரு பயணநூல் வெளியிட்டார். பெரணி பார்ப்பதற்காகவே நாடு தாண்டிப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நர்சரிக்குப் போய்த் தொங்கும் தொட்டியில் ஒன்று வாங்கினேன். "நிழல்ல வைங்க சார், மண்ணு காயாம பாத்துக்குங்க, அது பாட்டுக்கு வரும்" என்றார் நர்சரிக்காரர்.

அது பாட்டுக்கு வந்தது. ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் விளிம்பையொட்டி இரண்டு பக்கமும் வரிசை பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள். பூச்சி என்று முடிவுகட்டினேன். வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசலைக் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வோர் இலையையும் தேய்த்துப் புள்ளிகளைக் களைந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமிதம் கொஞ்சமல்ல. பிறகுதான், கல்லூரியில் தாவரவியல் படிக்கும் அக்கா மகள் வந்து, "மாமா, அதுங்க பூச்சி இல்ல. அதுக்குள்ளதான் ஸ்போர் இருக்கும். பெரணிக்கு விதை கிடையாது, அதை வச்சுத்தான் பரவும்" என்றாள். ஒரு வம்சத்தையே பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறேன். மிச்சம் இருந்த செடியைச் சித்திரை வெயில் கவனித்துக்கொண்டது.

நாட்குறிப்பு இதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். சாக்ஸ் 14 வயதில் எழுத ஆரம்பித்தவர்; வயதான காலத்தில் எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ ஆயிரம் நோட்டுகள் சேர்ந்திருந்தன. எழுதியதை அவர் பெரும்பாலும் திருப்பிப் பார்ப்பதுகூட இல்லை. எழுதுவதுதான் யோசிப்பது என்பது அவர் கட்சி. வாங்கிய நோட்டுகளை நான் தொடக்கூட இல்லை. என்னுடைய டைரி வழக்கமாகப் பொங்கல் வரை தாக்குப்பிடிக்கும். அதுவரை வானிலை எழுதுவேன். அதன் பிறகு அந்த டைரியில் வருவதெல்லாம் பால் கணக்கு. அதுவும் என் மனைவியின் கையெழுத்தில்.

அவருடைய நிறைகள்தான் வரவில்லை, குறைகளையாவது எடுத்துக்கொள்வோமே என்று பார்த்தேன். சாக்ஸுக்கு முகங்கள் மனத்தில் பதியாது. பிறவியிலேயே வரும் குறை. தாடிக்காரர் ஒருவர்மேல் மோதப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அது கண்ணாடியில் தெரிந்த தாம்தான் என்று பிறகு உணர்ந்ததை அவரே எழுதியிருக்கிறார். கல்யாண வீடுகளில் "என்னைத் தெரியலையா?" என்று வழிமறிக்கும் உறவினர்களிடமிருந்து தப்பிக்க இதைவிட நல்ல நோய் உண்டா? எனக்கும் அந்தக் கோளாறு இருப்பதாகக் கொஞ்ச காலம் சொல்லித் திரிந்தேன். "கைமாத்து குடுத்தவரு கூட்டத்துக்குள்ள எங்க நின்னாலும் மொதல்ல கண்டுபிடிச்சு ஒளியறது யாரு?" என்று மனைவி சபையில் கேட்டாள். நோய் அன்றே குணமாகிவிட்டது.

ஒன்றில் மட்டும் அவரை எட்டிப்பிடித்துவிட்டேன்: தொலைப்பதில். நியூயார்க்குக்கு வந்த புதிதில் சாக்ஸுக்கு ஆய்வாளராகும் ஆசை. மண்புழுக்களிலிருந்து நரம்புறைப் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை. மாதக்கணக்கில் எழுதிச் சேர்த்த ஆய்வுக் குறிப்பேட்டை மோட்டார் சைக்கிளின் பின்னால் சரியாகக் கட்டாமல் போனதில், அது பிராங்ஸ் நெடுஞ்சாலையில் விழுந்து தாள் தாளாகப் பறந்துவிட்டது. பாடுபட்டுச் சேர்த்த அந்தப் பொருளும் காணாமல் போயிற்று. சுழற்றும் இயந்திரத்துக்குள் அவர் தின்ற ஹாம்பர்கரின் துணுக்குகள் கிடந்தன. ஆய்வுக்கூடத்துக்கு நீ ஆபத்து, போய் நோயாளிகளைப் பார், சேதமாவது குறையும் என்று மேலிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவரே எழுதிய இந்தப் பகுதியை எத்தனையோ முறை படித்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பின்னால் வருவதைப் படிக்கும்போது சிரிப்பு நின்றுவிடும். 1966இல் பிராங்ஸில் பெத் ஆபிரகாம் என்ற மருத்துவமனைக்குப் போனார். முதல் உலகப் போரையொட்டிப் பரவிய தூக்க நோயில் பிழைத்து, பல பத்தாண்டுகளாக உறைந்துபோய் உட்கார்ந்திருந்த 80 பேர் அளவில் அங்கே இருந்தார்கள். மற்றவர்கள் கண்ணுக்கு அவர்கள் மரப்பாச்சிகள். சாக்ஸ் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மருத்துவமனையையொட்டியே குடியும் வந்தார். 1969இல் எல்-டோபா மருந்து கொடுத்தபோது அவர்கள் விழித்தெழுந்தது ஊரறிந்த கதை. அதற்குப் பிறகு பலருக்கு நடுக்கமும் தடுமாற்றமும் திரும்பி வந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். 1973இல் வந்த 'அவேக்கனிங்ஸ்' புத்தகத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது.

பெரணி இலையைத் திருப்பிப் பார்க்கிற கண்ணும் அந்த நோயாளிகளைப் பார்த்த கண்ணும் ஒன்றுதான் என்று படுகிறது. அவருக்குப் பெரணி பிடிக்கும். எனக்குப் பிடித்திருந்தது பெரணி அல்ல. பெரணி வளர்க்கும் ஆசாமி. 'சார் ரொம்ப ரசனையான ஆளு' என்று நாலு பேர் சொல்வதற்காக வளர்க்கிற செடி, நாலு பேர் வராத வெயில் காலத்தில் காயத்தானே செய்யும்?

புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு 50 வயது ஆனது. சாக்ஸ் தம் பிறந்தநாளை அந்தந்த வயதுக்குரிய அணு எண் கொண்ட தனிமத்தோடு கொண்டாடுவார். 79க்குத் தங்கம், 80க்குப் பாதரசம், கடைசிப் பிறந்தநாளான 82க்குக் காரீயம். 83ஆன பிஸ்மத்தைத் தாம் பார்க்கப்போவதில்லை என்று இறப்பதற்கு முந்தைய மாதம் எழுதியிருந்தார். என் 50க்கு என்ன என்று பார்த்தால் வெள்ளீயம். நம் ஈயச்சொம்பு! அது நஞ்சான காரீயம் அல்ல, வெள்ளீயத்தில் செய்வதுதான். கும்பகோணம் போனபோது ஒன்று வாங்கி வந்து, பிறந்தநாளன்று நானே ரசம் வைப்பதாக அறிவித்தேன்.

சொம்பைக் கழுவினேன். ஈரம் காயட்டும் என்று, மற்றப் பாத்திரங்களை வைப்பதுபோல் வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டு, புளியைக் கரைக்கத் திரும்பினேன். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு ஏறாமல் அது காக்கும். வெறும் சொம்புக்குக் காவல் கிடையாது. திரும்பிப் பார்க்கையில் சொம்பின் அடி தொய்ந்து, கண்ணாடியாய்ப் பளபளத்து, பர்னரின் துளைகளுக்குள் முத்து முத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. "ஈயச்சொம்பை எவனாவது வெறுமனே வைப்பானாடா?" என்று அம்மா ஓடி வந்தாள்.

வெள்ளீயத்தை வளைத்தால் அது அழும். சாக்ஸுக்கு 5 வயதிருக்கும்போது அவருடைய அம்மா அதை வளைத்துக் காட்டி, உள்ளே படிகங்கள் உருமாறுவதால் வரும் ஒலி என்று விளக்கினாராம், கேட்பது சின்னப் பிள்ளை என்பதை மறந்து. எனக்கும் அம்மா வெள்ளீயத்தைப் பற்றி அன்று நிறைய விளக்கினாள், நான் சின்னப் பிள்ளை இல்லை என்பதை மறந்து.

உருகிய கட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி கும்பகோணத்தில் சொம்பு வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரப் பெரியவர் அதைக் கையில் வாங்கி, நகத்தால் கீறிப் பார்த்தார். "வெறுமனே வச்சீங்களா?" அவ்வளவுதான் கேட்டார். பிறகு உள்ளிருந்து ஒரு வெள்ளீயக் கம்பியை எடுத்து வந்து, என் காதருகே பிடித்து மெல்ல வளைத்தார். நொறுநொறுவென்று சன்னமாக ஒரு சத்தம். "கேக்குதா சார்? காரீயம் கலந்தா இப்படிப் பேசாது. எங்கப்பா கண்ணை மூடிக்கிட்டுக் காதுலயே தரம் சொல்லிடுவாரு" என்றார். முகத்தில் அப்படி ஒரு ஒளி.

சாக்ஸாக இருந்திருந்தால் அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடை அடைக்கும்வரை அவரைப் பேசவிட்டு நோட்டு நோட்டாக எழுதியிருப்பார். நான் என்ன செய்தேன்? "நியூயார்க்ல ஆலிவர் சாக்ஸ்னு ஒரு டாக்டர் இருந்தாருங்க, அவரும் இதே மாதிரிதான்..." என்று ஆரம்பித்து, அவருக்கு சாக்ஸைப் பற்றி வகுப்பெடுத்தேன். "அப்படிங்களா சார்" என்று பெரியவர் கம்பியை உள்ளே வைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பினார். பழைய ஈயத்துக்குக் கழித்தது போக மீதிக்கு ஜிபே பண்ணிவிட்டு, இன்னொரு சொம்போடு பஸ் ஏறினேன்.