3200 எங்கே போச்சு?

கே: பெட்டியில் 3200 என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் ராம் வாங்கினேன். டாஸ்க் மேனேஜர் 2400 என்கிறது. கடைக்காரருடன் சண்டைக்குப் போகலாமா?

ப: வேண்டாம், அவர் சரியான சரக்கைத்தான் கொடுத்திருக்கிறார். ராம் ஸ்டிக்கில் எஸ்பிடி என்றொரு சின்னஞ்சிறு சிப் உண்டு. எந்த வேகத்தில், எந்த டைமிங்கில், எத்தனை வோல்ட்டில் ஓட வேண்டும் என்பது அதில்தான் எழுதியிருக்கும். புதிதாக மாட்டியதும் மதர்போர்டு அதிலுள்ள பொது அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த அட்டவணை அது. டிடிஆர்4 என்றால் 1.2 வோல்ட், எந்த போர்டிலும் வம்பில்லாமல் ஓடும் நிதான வேகம். நீங்கள் காசு கொடுத்த 3200, அதே சிப்பில் தனியாக எழுதிவைத்த இன்னொரு ப்ரொஃபைல். இன்டெல் 2007-இல் எக்ஸ்எம்பி என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. ஏஎம்டி 2022-இல் டிடிஆர்5-க்கு எக்ஸ்போ என்று வைத்தது. சில போர்டுகளில் டிஓசிபி என்றிருக்கும். பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்து சேவ் செய்யுங்கள், 3200 வந்துவிடும். வருடக்கணக்கில் இதை ஆன் செய்யாமலே ஓடும் கணினிகள் ஏராளம். இனி யார் கணினி வாங்கினாலும் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கே: ஆன் செய்துவிட்டேன். இப்போது சிபியு-இசட் 1600 என்கிறது!

ப: அதை இரண்டால் பெருக்குங்கள். டிடிஆர் ராம் ஒரு கிளாக் துடிப்பில் இரண்டு முறை டேட்டா அனுப்பும். துடிப்பு விநாடிக்கு 160 கோடி, டேட்டா 320 கோடி முறை. இரண்டு மென்பொருளும் உண்மையைத்தான் சொல்கின்றன.

கே: பெட்டியில் 16-18-18-38 என்று நான்கு எண்கள். எண் குறைவாக இருந்தால் நல்லது என்கிறார்கள். அப்படியானால் சிஎல்30 போட்ட டிடிஆர்5 எதற்கு?

ப: எண்ணை மட்டும் பார்த்தால் இந்தக் குழப்பம் தீராது, ஏனென்றால் அவை நேரத்தைச் சொல்வதில்லை, கிளாக் துடிப்புகளைச் சொல்கின்றன. ராமுக்குள் டேட்டா வரிசையும் நெடுவரிசையுமாக இருக்கிறது. ஒரு வரிசையைத் திறந்தபின் அதிலுள்ள டேட்டா கைக்கு வர ஆகும் துடிப்புகள்தான் முதல் எண், சிஎல். வரிசையைத் திறக்க ஆகும் துடிப்புகள் இரண்டாவது. மூடிவிட்டு அடுத்ததற்குத் தயாராக ஆகும் துடிப்புகள் மூன்றாவது. திறந்த வரிசை குறைந்தது எவ்வளவு நேரம் திறந்தே இருக்க வேண்டும் என்பது நான்காவது.

கிளாக் வேகம் கூடக் கூட ஒரு துடிப்பின் நேரம் சுருங்கும். ஆகவே சிஎல்லை 2000-ஆல் பெருக்கி ராம் வேகத்தால் வகுங்கள், நானோ விநாடி கிடைக்கும். 3200-இல் சிஎல்16 என்றால் 10. 3600-இல் சிஎல்18 என்றாலும் 10. 6000-இல் சிஎல்30, அதுவும் 10. மூன்றும் ஒரே நேரத்தில்தான் பதில் சொல்லத் தொடங்குகின்றன, ஆனால் தொடங்கியபின் 6000 அள்ளித் தருவது மிக அதிகம். 4800 சிஎல்40-ஐ இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்: 16.67 வரும். "டிடிஆர்5, புதுசு" என்று சொல்லி விற்பவரிடம் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுக்காட்டிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கே: டைமிங் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைத்துவிட்டால்?

ப: கணினி கிளம்பாது. கிளம்பினால் அது இன்னும் மோசம், எந்த எண் தப்பு என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பயாஸ் திரையைச் செல்போனில் படம் எடுத்துவையுங்கள், மாற்றியபின் சோதியுங்கள், பிறகு அடுத்தது.

எதைக் குறைத்தால் பலன் அதிகம் என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். முதல் நான்கு எண்களைவிட, பட்டியலில் கீழே ஒளிந்திருக்கும் டிஆர்எஃப்சி கவனிக்க வேண்டியது. ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். ஐபிஎம்-இல் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1966-இல் கண்டுபிடித்த அமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம், மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் டிடிஆர்4-இல் 64 மில்லி விநாடிக்குள் எல்லா வரிசைகளையும் மறுபடி நிரப்பியாக வேண்டும். 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை இந்த ரெஃப்ரெஷ் நடக்கிறது. ஒவ்வொரு ரெஃப்ரெஷுக்கும் ஆகும் நேரம்தான் டிஆர்எஃப்சி, 8 ஜிகாபிட் சிப்புக்கு ஜெடெக் ஒதுக்குவது 350 நானோ விநாடி. அதாவது நூற்றுக்கு நாலரை பங்கு நேரம் ராம் உங்கள் வேலையைப் பார்ப்பதே இல்லை. டிஆர்எஃப்சி-யைக் குறைத்தால் இந்த நேரம் மிச்சம். அளவு மீறிக் குறைத்தால் குடம் நிரம்பும் முன்பே நிறுத்திவிடுவீர்கள், டேட்டா அழியும். பலனும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன, படிப்படியாக இறங்குங்கள்.

கே: வோல்டேஜ் எவ்வளவு வரை ஏற்றலாம்? பயமாக இருக்கிறது.

ப: பயம் நல்லது. டிடிஆர் 2.5 வோல்ட், டிடிஆர்2 1.8, டிடிஆர்3 1.5, டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1 என்று தலைமுறைக்குத் தலைமுறை இறங்கிவந்திருக்கிறது. முந்தைய தலைமுறைக்குப் பழகிய கையை அடுத்ததில் வைக்கக் கூடாது. டிடிஆர்4 எக்ஸ்எம்பி பெரும்பாலும் 1.35 கேட்கும், அதில் கவலையில்லை. ஸ்டிக்கில் எந்த சிப் இருக்கிறது என்று தெரியாதவர்கள் அன்றாட ஓட்டத்துக்கு 1.4-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன். சிப்பின் தரவுத்தாளில் 1.5 என்பதே தாங்கும் எல்லை. 1.45 போட்டே விற்கும் ஸ்டிக்குகள் உண்டு, அவை அதற்கென்று தேர்ந்தெடுத்த சிப்புகள்.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது ராம் வோல்டேஜைப் பற்றி அல்ல. ப்ராசஸருக்குள் மெமரி கண்ட்ரோலர் இருக்கிறது, அதற்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில, சாக்கெட்டோடு சேர்த்துக் கருகின. எக்ஸ்போவை ஆன் செய்ததும் போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாகவே ஏற்றிவிட்டிருந்தன. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு வைத்துப் புதிய பயாஸ் கொடுக்கச் செய்தது. அந்த வகை போர்டு வைத்திருப்பவர்கள் எக்ஸ்போவைத் தொடும் முன் பயாஸை அப்டேட் செய்யுங்கள். இதில் சமரசமே கிடையாது.

கே: எங்கள் ஊரில் கரண்ட் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் வைத்தால் ராம் வோல்டேஜ் நிலையாக இருக்குமா?

ப: இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. சுவரிலிருந்து வருவதை எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டாக்குகிறது, போர்டு அதை மேலும் இறக்கி ராமுக்குத் தருகிறது. டிடிஆர்5-இல் அந்தக் கடைசி வேலையை ஸ்டிக்கிலேயே இருக்கும் ஒரு சிப் பார்த்துக்கொள்கிறது. ஸ்டெபிலைசர் காசை நல்ல எஸ்எம்பிஎஸ்-இலும் யுபிஎஸ்-இலும் போடுங்கள். குறிப்பாக பயாஸ் அப்டேட் செய்யும்போது யுபிஎஸ் அவசியம்.

கே: சார், எக்ஸ்போ போட்டு சேவ் செய்ததும் திரை கருப்பாகிவிட்டது. போர்டு போச்சா?

ப: முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். டிடிஆர்5 போர்டுகள் புது அமைப்பில் முதல் முறை கிளம்பும்போது ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் சரியான நேரத்தைத் தேடிப் பழகும். அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். நடுவில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. கால் மணி நேரம் போயும் அசைவில்லையென்றால் பவர் ஒயரைக் கழற்றிவிட்டு சிமாஸை கிளியர் செய்யுங்கள். அதற்கான பின் எங்கே என்று போர்டு கையேட்டில் இருக்கும். இல்லாவிட்டால் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவையுங்கள். ராம் பழைய நிதான வேகத்துக்குத் திரும்பும்.

கே: 2 ஸ்டிக் இருந்தது. அதே கம்பெனி, அதே மாடலில் இன்னும் 2 வாங்கிப் போட்டேன். இப்போது எக்ஸ்போவே நிற்கவில்லை. ஏன்?

ப: இந்தக் கேள்விதான் இந்த முறை அதிகம் வந்தது. ப்ராசஸரிலிருந்து ராமுக்குப் போவது இரண்டு பாதைகள். இரண்டு ஸ்டிக் என்றால் பாதைக்கு ஒன்று. நான்கு என்றால் ஒவ்வொரு பாதையிலும் இரண்டு ஸ்டிக் தொங்கும், சிக்னல் சிதறும், மெமரி கண்ட்ரோலர் திணறும். ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகத்தைப் பாருங்கள்: இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600. உங்கள் போர்டில் குறையில்லை, விதிமுறையே அப்படி.

இன்னொன்று, மாடல் எண் ஒன்றானாலும் உள்ளே இருக்கும் சிப் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உற்பத்தியாளர் சோதித்து உறுதி கொடுப்பது ஒரு பெட்டிக்குள் சேர்ந்து வரும் ஸ்டிக்குகளுக்கு மட்டும். 64 ஜிபி வேண்டுமென்றால் 32-ஆக இரண்டு உள்ள ஒரே பெட்டி வாங்குங்கள். பழைய இரண்டை விற்றுவிடலாம், விற்கவே மனமில்லையென்றால் நான்கையும் போட்டு வேகத்தை இறக்குங்கள். கொள்ளளவு வேண்டியவருக்கு அது நஷ்டமில்லை. இரண்டு ஸ்டிக் மட்டும் போடுபவர்கள் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் மாட்டியதால் பாதி வேகத்தில் ஓடும் கணினிகளும் உண்டு.

கே: ரைசன் 5600-க்கு 4000 வேகத்தில் ராம் வாங்கட்டுமா?

ப: 3600 போதும். அந்த ப்ராசஸரின் உள் பாதை ராம் கிளாக்கோடு சேர்ந்து துடிக்க வேண்டும். 3600 வரை நிம்மதியாகச் சேரும், 3733 அந்தந்த ப்ராசஸரைப் பொறுத்தது. அதற்கு மேல் இரண்டும் பிரிந்து ஓடத் தொடங்கினால் எண் கூடும், பதில் தாமதமாகும். டிடிஆர்5 ரைசன்களுக்குப் பொருத்தமான வேகம் 6000.

கே: லேப்டாப்பில் இதெல்லாம் செய்யலாமா?

ப: பெரும்பாலும் பயாஸில் வழியே இருக்காது. ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு ஸ்டிக் போட்டு இரட்டைப் பாதையாக்குங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு அதைவிடப் பெரிய வேக மாற்றம் வேறில்லை.

கே: விண்டோஸ் ஓடுகிறது, கேம் ஓடுகிறது. டெஸ்ட் எல்லாம் எதற்கு?

ப: ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. கணினி ஹேங் ஆனால் உங்களுக்குத் தெரியும். ஒரு பிட் மட்டும் 0-க்குப் பதில் 1 ஆனால் யாருக்கும் தெரியாது. அது ஒரு போட்டோவின் நடுவில் விழுந்தால் வண்ணக் கோடு. ஜிப் கோப்பில் விழுந்தால் அது திறக்காது. கணக்கு ஃபைலில் விழுந்தால் தப்பான தொகை அப்படியே பேக்கப்புக்கும் போகும். வேகத்துக்காகக் கொஞ்சம் அபாயம் இருக்கட்டுமே என்று எழுதியவர்களுக்கும் என் பதில் இதுதான்: அந்த அபாயத்தைத் தாங்குவது கணினி அல்ல, அதில் நீங்கள் வைத்திருக்கும் வாழ்க்கை.

2022 அக்டோபரில் லினக்ஸ் கர்னல் 6.1-க்கான வேலையின் நடுவே லினஸ் டோர்வால்ட்ஸின் கணினி கண்டபடி பிழை காட்டியது. அவர் முதலில் சந்தேகப்பட்டது மென்பொருளை. கடைசியில் கெட்டிருந்தது ஒரு ராம் ஸ்டிக். அவருக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்? கூகுள் சர்வர்களை வைத்து 2009-இல் வெளிவந்த ஆய்வில் ஒரு வருடத்தில் சுமார் 8 சதவீத ஸ்டிக்குகள் பிழை காட்டின. அவையெல்லாம் யாரும் எண்களை ஏற்றி இறக்கி விளையாடாத ஸ்டிக்குகள்.

சோதிக்கும் வழி: மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓட விடுங்கள். அது தேறினால் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5, பிறகு ஒய்-க்ரஞ்சர். முதலாவது கெட்ட ஸ்டிக்கைப் பிடிக்கும், மற்றவை நீங்கள் போட்ட எண்களின் தவறைப் பிடிக்கும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான்.

கே: டிடிஆர்5-இல்தான் பிழை திருத்தும் ஈசிசி இருக்கிறதே?

ப: அது சிப்புக்குள் மட்டும். சிப்பிலிருந்து ப்ராசஸர் வரும் வழியில் நேரும் பிழையை அது பார்க்காது. எண்களை முறுக்கினால் பிழை வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

கே: ஜனவரியில் டியூன் செய்தேன், எல்லா டெஸ்டும் பாஸ். மே மாதம் மதியம் மட்டும் ப்ளூ ஸ்கிரீன்!

ப: மேலே சொன்ன ஓட்டைக் குடம்தான், சூட்டில் ஓட்டை பெரிதாகும். 85 டிகிரிக்கு மேல் ரெஃப்ரெஷை இரட்டிப்பாக்க வேண்டும் என்று டிடிஆர்4 தரமே சொல்கிறது. எண்களை இறுக்கி வைத்திருந்தால் அதற்கு வெகு முன்பே தடுமாறும். டிஆர்இஎஃப்ஐ என்ற ரெஃப்ரெஷ் இடைவெளியைக் கூட்டி ரெஃப்ரெஷைத் தள்ளிப்போட்டிருந்தால் அதை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். டிஆர்எஃப்சி-யைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கிராபிக்ஸ் கார்டின் அனல் நேராக ராமில்தான் படும், எனவே கார்டுக்கும் வேலை கொடுத்துக்கொண்டே ராமைச் சோதியுங்கள். சோதனையை நம் ஊர் மதிய வெயிலில் செய்யுங்கள், ஏசி அறையில் இரவில் அல்ல.

கே: கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 4 ஸ்டிக், எக்ஸ்எம்பி ஆன். ரெண்டர் பாதியில் நின்றுவிடுகிறது. டெலிவரி நெருங்குகிறது.

ப: இன்றே எக்ஸ்எம்பியை ஆஃப் செய்யுங்கள். ரெண்டர் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் முடியும். முதலில் வீடியோவைக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகத் தனியே போட்டு மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். ஒன்று தோற்றால் வாரண்டிக்கு அனுப்புங்கள், பலவற்றுக்கு வாழ்நாள் வாரண்டி உண்டு. எல்லாம் தனித்தனியே தேறினால் சிக்கல் நான்கும் சேர்ந்து ஓடுவதில், 2933 அல்லது 2666-க்கு இறக்கி மறுபடி சோதியுங்கள். அடுத்த கணினி வாங்கும்போது ஈசிசி ராமை ஏற்கும் போர்டாகப் பாருங்கள், உங்கள் தொழிலுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

ஒரு அவசரக் குறிப்பு: ரெண்டர் நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கணினி வழியாக காப்பி செய்த எந்த ஃபைலையும் நம்ப வேண்டாம். ராம் சரியாகும் வரை கேமரா கார்டுகளை ஃபார்மட் செய்யாதீர்கள். வேறொரு கணினியில் போட்டு மறுபடி காப்பி எடுங்கள்.