பக்கத்து ஊர்த் தேற்றம்: கோபாலபுரத்து அறுபதுகளின் ராக் இசையும் அதன் மறுகூடல்களும்

1. ஆய்வுக் களம்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில், எலப்புள்ளியும் கொழிஞ்சாம்பாறையும் கடந்தபின், கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில் இருப்பது கோபாலபுரம். சென்னைக் கோபாலபுரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே அரசியல் வரலாறு நடந்தது. இங்கே லாரிகள் நின்று போயின. சமஸ்தான காலத்தில் கொச்சிக்குச் சொந்தமாக இருந்த சித்தூர் வட்டம், 1956 நவம்பர் 1-ல் கேரளத்தின் பகுதியாயிற்று. மக்கள் பேச்சு மட்டும் எந்தக் கெஜட்டையும் பார்க்காமல் தமிழும் மலையாளமுமாக நடந்துவருகிறது.

இந்த ஊரில் 1960களில் ஒரு ராக் இசை இயக்கம் இருந்தது என்பதும், அதன் மறுகூடல்கள் இன்றுவரை நடக்கின்றன என்பதும் டீக்கடைப் பெஞ்சுகளில் ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மைகள். இயக்கத்துக்குப் பெயர் இல்லை. இசைத்தட்டு இல்லை. புகைப்படம் இல்லை. முன்னாள் உறுப்பினர்கள் மட்டும் ஏராளம். அவர்கள் தொகை ஆண்டுக்கு ஆண்டு கூடியும் வருகிறது. வரலாற்று ஆய்வில் இது அரிய நிலை. வழக்கமாகச் சான்று கிடைக்கும், சாட்சி செத்திருப்பார்.

2. தேற்றம்

இவ்வாய்வு முன்வைக்கும் தேற்றம் வருமாறு: ஓர் இசை நடந்த ஊர் அதை மறந்துவிடும், பக்கத்து ஊர் மறக்காது.

துணைத் தேற்றம்: அந்த இசையில் தனக்குப் பங்கு உண்டு என்று ஒருவர் கோரும் உரிமை, ஊர்த் தொலைவு குறையக் குறையக் கூடும், ஆண்டுகள் கடக்கக் கடக்க மேலும் கூடும்.

இதற்குக் கோபாலபுரத்தைப் போன்ற ஆய்வுக்கூடம் வேறில்லை. ஏனெனில் இந்த ஊர் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருந்தது. எதுவும் இங்கே நடக்கவில்லை.

3. சான்றுகள்

முதற்சான்று, மேற்கே எலப்புள்ளி. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் 1928 ஜூன் 24-ல் பிறந்த ஊர். நாலு வயதில் தந்தையை இழந்து, தாத்தா வீட்டில் வளரக் கண்ணூர் போய்விட்டார். பாட்டுப் படித்தது கண்ணூரில். பாட்டுப் போட்டது சென்னையில். ஆகவே எலப்புள்ளிக்கு அவர்மீது நாலு வயதுவரைதான் பாத்தியதை. அந்த ஊர்க்காரர்கள் இதை அடக்கத்தோடு ஒப்புக்கொள்வார்கள். கோபாலபுரத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எலப்புள்ளியிலிருந்து பொள்ளாச்சிக்குச் சாலை தங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது என்பது அவர்கள் வாதம். இதை மறுக்க வழியில்லை.

இரண்டாம் சான்று, தென்கிழக்கே ஆழியாறு. ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' 1964 பிப்ரவரி 27-ல் வெளிவந்தது. இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ரவிச்சந்திரன், எஸ்டேட் முதலாளி பாலையாவின் வீட்டு வாசலில் கூடாரம் அடித்து, வேலை கேட்டுப் பாடி ஆடும் காட்சி ஆழியாறு அணைப்பக்கத்து விருந்தினர் மாளிகையில் எடுக்கப்பட்டது. பாட்டில் பெயர் சொல்லி அழைக்கப்படும் முதலாளியும் விஸ்வநாதன், இசையமைத்தவரும் விஸ்வநாதன் என்பதால் அந்தப் பாட்டுக்கு அன்றே இரட்டைச் சிரிப்பு. கேமரா ஏ.வின்சென்ட், அவரும் மலையாளி.

இங்கே ஒரு நீர்வள வினா எழுகிறது. ஆழியாற்று நீர் மணக்கடவைத் தாண்டிச் சித்தூர்ப் புழையாக ஓடுகிறது. 1970-ல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும். பாட்டில் எவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. இசையமைப்பாளரில் பாதியும் கேமரா முழுவதும் கேரளம். அணையும் பாலையாவும் தமிழ்நாடு. நடுவர் மன்றம் அமையும்வரை அந்தப் பங்கைக் கோபாலபுரமே வைத்திருப்பதாக ஏற்பாடு.

மூன்றாம் சான்று, தெற்கே மலைக்கு மேல் தேவிகுளம். கேரளத்தில் இ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அமைச்சரவை நூலிழைப் பெரும்பான்மையில் இருந்த 1958-ல் அங்கே இடைத்தேர்தல். ரோசம்மா புன்னூஸுக்கு வாக்குக் கேட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே ஆர்மோனியப் பெட்டியோடு பாடிப் போனவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். ரோசம்மா வென்றார். அந்த நாட்களில் அண்ணனின் குழுவோடு பாடித் திரியத் தொடங்கிய பள்ளிப் பருவத்துத் தம்பி பின்னாளில் இளையராஜா. தேவிகுளத்துக்கும் கோபாலபுரத்துக்கும் நேர்ச்சாலை இல்லை. நடுவே ஆனைமலையே நிற்கிறது. ஆயினும் ஒரே மாநிலம், ஒரே எல்லை, ஒரே மழை. துணைத் தேற்றத்துக்கு இது போதும்.

4. இது ராக் தானா?

உரையாசிரியர் மரபுப்படி மறுப்பை நாமே எழுப்பிக்கொள்வோம். "இவை சினிமாப் பாட்டும் கட்சிப் பாட்டும் அல்லவா? ராக் எங்கே வந்தது?" என்பாரும் உளர்.

ராக் இசையின் இலக்கணம் மூன்று என்பது உலக வழக்கு. கிட்டார் ஒலிக்க வேண்டும். பெரியவர்களை எதிர்க்க வேண்டும். பக்கத்து வீட்டாருக்குப் பிடிக்கக் கூடாது. இப்போது ஒப்பிடுக. 1964 பிப்ரவரி 9-ல் பீட்டில்ஸ் நால்வரும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் முதன்முதலாகத் தோன்றினார்கள். ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். அன்று அவர்கள் பாடிக் கேட்டது ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள அனுமதி. சரியாக 18 நாள் கழித்து ரவிச்சந்திரன் கேட்டது, பிடுங்கப்பட்ட வேலை. கூடாரம் அடித்து, ஆள் சேர்த்து, முதலாளியின் முகத்துக்கு நேராக. எது எதிர்ப்பு இசை என்பதைத் தொழிற்சங்க அனுபவம் உள்ள வாசகர்களே முடிவு செய்யலாம். 18 நாளில் லிவர்பூலின் தாக்கம் கப்பலேறி ஆழியாறு வந்து, படமெடுத்து, பிரிண்ட் போட்டுத் திரைக்கு வந்திருக்க முடியாது என்பதையும் குறித்துக்கொள்க.

மூன்றாம் இலக்கணம் கோபாலபுரத்தில் இன்றும் முழுமையாக நிறைவேறுகிறது.

5. உரிமை கோருவோர் வகைப்பாடு

உறுப்பினர்கள் ஐவகையினர்.

அ) நின்றவர். ஆழியாற்றுப் படப்பிடிப்பைப் பார்த்தவராகத் தொடங்கி, கூட்டத்தில் நின்றவராகி, இப்போது ரவிச்சந்திரனுக்குப் பின்னால் ஆடியவராக இருப்பவர். களப்பணியில் கிடைத்த உரையாடல் ஒன்று:

"ஏனுங் மாமா, படத்துல உங்களக் காணமுங்களே?"

"எப்பிடிக் காணும் மாப்ளே? கேமரா அந்தப் பக்கம் திரும்பிப்போச்சு. திரும்பாம இருந்திருந்தா நான் இங்க உக்காந்து டீ குடிச்சிட்டா இருப்பேன்?"

ஆ) அடித்தவர். திருவிழா மேடையில் அதே பாட்டுக்குத் தும்பாவோ பாங்கோஸோ அடித்தவர். எல்லைக்கு அந்தப் பக்கம் அது கச்சேரி, இந்தப் பக்கம் கானமேளா. தாளம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் தவறியது. பெஞ்சு, பிளாஸ்டிக் குடம், பேரனின் முதுகு என எதிலும் இன்றும் வாசித்துக் காட்டுவார்.

இ) கிட்டார்க்காரர். கோயமுத்தூரிலிருந்து ஒரு கிட்டார் இரவல் வந்தது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். யார் வாசித்தது என்பதில் ஒருவரும் ஒத்துப்போவதில்லை. அதில் எத்தனை கம்பி இருந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

ஈ) மைக் செட்டுக்காரர். கூம்பு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் இன்னும் பரண்மேல் வைத்திருப்பவர். இவர் உறுப்பினர் உரிமை கோருவதில்லை. வாடகைப் பாக்கி கோருகிறார். இவருடைய கடன் நோட்டே அந்த இயக்கத்தின் ஒரே எழுத்து ஆவணம். அதைக் காட்டும்போது மட்டும் எவரும் தாம் அந்தக் குழுவில் இருந்ததாகச் சொல்வதில்லை.

உ) பிறவாதவர். 1964-ல் பிறந்தே இராதவர். அப்பா சொல்லக் கேட்டவர் என்பதால் நேரில் பார்த்தவருக்குரிய குழப்பங்கள் இவருக்கு இல்லை. தேதி, நேரம், அன்று பெய்த மழை அனைத்தும் இவர் வாயிலிருந்தே கிடைக்கின்றன.

6. மறுகூடலின் இலக்கணம்

தொல்காப்பியர் வழியில் நிலத்துக்கு உரிப்பொருள் காணின், ஆழியாற்று அடிவாரம் குறிஞ்சி, கூடல் அங்கே. சாலை பாலை, பிரிவு அங்கே. சித்தூர் வட்டத்து வயல் மருதம்; மருதத்துக்குரியது ஊடல். ஆகவேதான் மறுகூடல் கோபாலபுரத்தில் நடக்கும்போது அது கூடலாக அமையாமல் ஊடலாகவே அமைகிறது.

நிகழ்ச்சி நிரல் மாறுவதில்லை. முதலில் எந்த மாநிலத்தில் கூடுவது என்ற தகராறு. அடுத்து, வராதவர்களைப் பற்றிய பேச்சு. பிறகு கிட்டார்ப் பிரச்சினை. அதன்பின் யாராவது ஒருவர் பாட எழுந்து, பழைய சுருதி எட்டாமல், "அரைக்கட்டை இறக்கிக்கலாங்க" என்பார். போன தடவையும் அரைக்கட்டை இறக்கினார்கள். இந்தப் போக்கில் போனால் பாட்டு விரைவில் காதுக்குக் கேட்காத தாழ்வுக்குப் போய்ச் சேரும். அதற்கு அப்பால் மைக் செட்டும் தேவைப்படாது.

இரண்டாம் சரணத்தில் பாடகர் நிற்பார். வரி வராது. மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அப்போது சமையல் நடக்கும் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், கரண்டியைக் கீழே வைக்காமலே, விட்ட வரியை எடுத்துக் கொடுக்கும். அடுத்த சரணத்தையும் கொடுக்கும். கேட்டால் இடையிசையில் அக்கார்டியன் எங்கே நுழைந்தது என்பதையும் சொல்லும்.

சமையல் பக்கத்துப் பெண்களில் ஒருவரும் ஆழியாற்றில் நின்றதாகச் சொல்வதில்லை. மேடை ஏறியதில்லை, ஏற யாரும் கூப்பிட்டதும் இல்லை. இலங்கை வானொலியில் கேட்டார்கள். மாவாட்டும்போதும் நெல் புடைக்கும்போதும் மறுபடி மறுபடி கேட்டார்கள். வாசித்தவர்களுக்கு யார் எங்கே நின்றார்கள் என்பது நினைவிருக்கிறது. கேட்டவர்களுக்குப் பாட்டு நினைவிருக்கிறது. தேற்றத்தை இங்கே திருத்தி எழுத வேண்டியிருக்கிறது: பக்கத்து ஊருக்கும் நெருக்கமானது பக்கத்து அறை.

7. லிவர்பூல் ஒப்பீடு

விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்த 1965-ல் பிரிந்தார்கள். பீட்டில்ஸ் பிரிந்தது 1970-ல். பிரிவதிலும் நாம் ஐந்தாண்டு முந்தி.

வியப்பு இதற்கு மேல்தான். முப்பதாண்டு கழித்து, 1995-ல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக விஸ்வநாதன்–ராமமூர்த்தி மீண்டும் சேர்ந்தார்கள். அதே 1995-ன் டிசம்பரில், ஜான் லெனன் வீட்டில் நாடாவில் பாடி வைத்திருந்த பாட்டோடு மற்ற மூவரும் தங்கள் இசையைச் சேர்த்து, பீட்டில்ஸ் பெயரில் வெளியிட்டார்கள். லெனன் சுடப்பட்டு இறந்து அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. நம்முடைய மறுகூடலில் இருவரும் உயிரோடு இருந்தார்கள் என்பது தமிழர் பெருமைகளுள் ஒன்று. 'எங்கிருந்தோ வந்தான்' மலையாளச் 'சித்ரம்' படத்தின் தழுவல் என்பதால், இந்த மறுகூடலும் எல்லையைத் தாண்டித்தான் வந்தது. எந்தச் சோதனைச் சாவடி வழியாக என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு மறுகூடல்களுக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. 1995-ன் பாட்டை இன்று எத்தனை பேர் முணுமுணுக்கிறார்கள்? மறுகூடலுக்குப் போகிறவர்கள் புதுப் பாட்டுக் கேட்கப் போவதில்லை. பழைய பாட்டு நடந்தபோது தானும் இருந்தேன் என்று இன்னொருவர் வாயால் சொல்லக் கேட்கப் போகிறார்கள். ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் மறைந்தார்கள். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

8. எஞ்சிய மறுப்பு

"இந்தியாவில் அசல் ராக் குழுக்கள் இருந்தனவே?" என்று கேட்போர்க்கு: இருந்தன. ஒரு சிகரெட் கம்பெனி தன் 'சிம்லா' பிராண்டுக்காக நடத்திய சிம்லா பீட் போட்டியில் பல நகரங்களின் குழுக்கள் கலந்துகொண்டன. 1970, 1971-ம் ஆண்டுகளின் இசைத்தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி வாங்குகிறார்கள். ஆனால் அக்குழுக்களுக்குப் பெயர் இருந்தது, உறுப்பினர் பட்டியல் இருந்தது. ஆகவே கலையவும் முடிந்தது. கோபாலபுரத்துக் குழு அமையவே இல்லை. அதைக் கலைக்க யாராலும் ஆகாது.

9. முடிவும் பரிந்துரைகளும்

தேற்றம் நிறுவப்பட்டது. பரிந்துரைகள் மூன்று.

ஒன்று: தங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லையே என்று வருந்தும் வாசகர்கள், பக்கத்து ஊரில் என்ன நடந்தது என்று விசாரிக்கவும். கொஞ்சம் காலம் போனால் அது உங்களுடையது.

இரண்டு: அடுத்த மறுகூடலில் மைக்கை முதலில் சமையல் நடக்கும் பக்கம் நீட்டவும். இரண்டாம் சரணம் அங்கேதான் இருக்கிறது. சுருதியும் இறக்க வேண்டியிராது.

மூன்று: மைக் செட் வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிடவும். பழைய பாக்கியையும் சேர்த்து.