அப்பாவின் ஆபீசும் அம்மாவின் ஆபீசும்

மகளின் கம்பெனியில் ‘குடும்ப தினம்’ என்று மெயில் வந்திருந்தது. குழந்தையின் பெயர், வயது, ரத்த வகை, எந்தப் பண்டம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, போட்டோ எடுக்கச் சம்மதமா என்று எல்லாவற்றையும் நிரப்பி முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கூடவே ஒரு பெரியவர் வரலாம். அந்தப் பெரியவர் நான். பாஸ்போர்ட் எடுத்தபோதுகூட என்னிடம் இவ்வளவு கேட்கவில்லை.

என் அப்பா சப் போஸ்ட்மாஸ்டர். 1970-களின் கடைசியில் நாங்கள் இருந்த ஊரில் முன்கட்டு போஸ்ட் ஆபீஸ், பின்கட்டு வீடு, நடுவில் ஒரு கதவு. அதற்கு இந்தப் பக்கம் துண்டும் வேட்டியுமாக இருக்கிற மனிதர் அந்தப் பக்கம் போனதும் ‘சார்’ ஆகிவிடுவார். எங்களை யாரும் ஆபீசுக்கு அழைத்துப் போனதில்லை. வந்தால் துரத்தியதில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்குக் கை ஒழியாத நேரத்தில் “அப்பாகிட்டப் போய் உட்காரு” என்பாள். அரசாங்கத்துக்கே தெரியாமல் அரசாங்கச் செலவில் நடந்த குழந்தைகள் காப்பகம் அது.

சும்மா உட்காரவெல்லாம் முடியாது. பசை தீர்ந்தால் மைதா கிண்ட வேண்டும். பூச்சி அண்டாமலிருக்க அதில் துளி மயில்துத்தம். சாயங்கால பஸ்ஸுக்குள் தபால் பை கட்டியாக வேண்டும். சணல் முடிச்சின் மேல் அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு, அது இறுகுவதற்குள் பித்தளை சீலை அழுத்தும் வேலைக்கு எனக்கும் தங்கைக்கும் தினம் சண்டை. விரலில் அரக்கு பட்டுக் கொப்பளித்தால் அதற்கென்று தனிக் கவனிப்பு கிடையாது. “எச்சிலைத் தொட்டு வை” என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த பையை எடுப்பார்.

முத்திரை அடிப்பது அதற்கும் மேல். காலையில் தேதி அச்சை மாற்றி, முதல் பதிவை அதற்கான நோட்டில் அடித்து வைப்பார்கள். அப்புறம் ஒன்று மைத்தட்டில், ஒன்று தபால் தலையில். தேதி தெளிவாக விழ வேண்டும், ஊர் பெயர் இழுவிக்கொண்டு நிற்கக் கூடாது. 1972-இல் பின்கோடு வந்திருந்தாலும் ஊரில் பாதிப் பேர் அதை மதிப்பதில்லை. எனக்கோ பூகோளப் பாடம் ஆரம்பிக்கும் முன்பே 6-இல் தொடங்கினால் தமிழ்நாடோ கேரளமோ, 4 என்றால் பம்பாய்ப் பக்கம் என்று அத்துப்படி.

ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் இன்ஸ்பெக்டர் வந்தார். நாங்கள் நடுக்கதவு வழியாகப் பறந்துவிட்டோம். பணத்தை எண்ணி, ஸ்டாம்பை எண்ணி முடித்தவர், மேஜையில் கிடந்த கவர்களைப் புரட்டிப் பார்த்து, “முத்திரை சுத்தமா விழுந்திருக்கே, யார் அடிக்கிறா?” என்றாராம். “பேக்கர்தான் சார்” என்றார் அப்பா. பாராட்டு, தபால் பை கட்டும் பேக்கருக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர். எனக்கு ஒரு கமர்கட் வாங்கிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தார்.

எழுதத் தெரியாதவர்களுக்கு மணியார்டர் பாரம் நிரப்புவதும் பதில் கார்டு எழுதுவதும் என் பொறுப்பு. யார் மகன் எவ்வளவு அனுப்புகிறான், எந்த மாதம் அனுப்பவில்லை எல்லாம் தெரியும். ஒரு பாட்டி, “பணம் வந்துச்சுன்னு எழுது, எருமை செத்ததை எழுதாத” என்றாள். தந்தி வந்தால் இன்னும் கெடுபிடி. சாவுச் செய்தியை அப்பா தாளில் எழுதும்போதே எட்டிப் பார்த்துப் படித்துவிடுவேன். ஆனால் அந்த வீட்டுப் பையனோடு கோலி ஆடிக்கொண்டிருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. இங்கே காதில் விழுந்தது வாசல்படி தாண்டக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. அந்தச் சட்டத்தை ரத்து செய்ய அப்பா இல்லை.

இதையெல்லாம் பெருமையாகச் சொன்னால், “குழந்தைத் தொழிலாளர்ப்பா” என்கிறாள் மகள். சரிதான். கமர்கட்டைக் கூலியில் சேர்த்தாலும் சரிதான்.

இனி மகளின் கம்பெனி இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வருவோம். வாசலில் செக்யூரிட்டி பேத்தியின் பெயரைப் பட்டியலில் தேடி டிக் அடித்து, கழுத்தில் அட்டை மாட்டி, என் போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார். உள்ளே பலூன், பாப்கார்ன், முகத்தில் புலி வரைகிறவர், மேஜிக் காட்டுகிறவர். அம்மா வேலை செய்யும் இடத்தையும் காட்டினார்கள். மேஜை துடைத்து வைத்திருந்தது, கம்ப்யூட்டர் பூட்டியிருந்தது. வாடிக்கையாளர் ரகசியமாம். அப்பாவின் சட்டம் இங்கே வேறு ரூபத்தில் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்ன, எனக்கு ரகசியத்தைக் காட்டிவிட்டு வாயை மூடச் சொன்னார்கள். இவளுக்கு மூடி வைத்த ரகசியத்தைச் சுற்றிக் காட்டினார்கள்.

மைக் பிடித்த பெண் ஒவ்வொரு குழந்தையிடமும் “அம்மா என்ன வேலை பாக்கறாங்க?” என்று கேட்டாள். என் பேத்தி யோசிக்கவே இல்லை: “நான் பேசறது கேக்குதான்னு எல்லாரையும் கேப்பாங்க.” கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வாரத்தில் மூன்று நாள் மகள் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறாள். எங்களுக்கு இருந்த நடுக்கதவு இவளுக்கும் இருக்கிறது, உள்பக்கம் தாழ்ப்பாளோடு. அதன் வழியே கேட்டதைக் குழந்தை ஒளிக்காமல் சொன்னது.

குழந்தைகளை ஆபீசுக்கு அழைத்துப் போகும் இந்த வழக்கத்துக்கு மூலம் அமெரிக்கா. அங்கே 1993-இல் பெண் குழந்தைகளுக்கென்று மட்டும் ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போகிற பெண்களைப் பார்த்துத் தாங்களும் என்னவாகலாம் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும் என்பது எண்ணம். பையன்களைச் சேர்த்தது 2003-இல். நல்ல எண்ணம்தான். இங்கே வந்து சேர்வதற்குள் புலி வேஷம் போட்டுக்கொண்டுவிட்டது.

பலூன் ஊதிக்கொண்டிருந்த ஹவுஸ்கீப்பிங் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். மூன்றாவது படிக்கும் பையனாம். சனிக்கிழமை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, கூட்டி வந்தாளாம். “காண்டிராக்ட் ஆளுங்க பிள்ளைங்க பேரு லிஸ்ட்ல வராதுங்கய்யா. பார்க்கிங்ல எங்க சூப்பர்வைசர் பக்கத்துல உக்காந்திருக்கான்.” 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் சட்டம் திருத்தினார்கள். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று அந்தக் கட்டடத்தில் அம்மா செய்யும் வேலை என்னவென்று சரியாகச் சொல்லியிருக்கக்கூடிய பிள்ளை அவன் ஒருவன்தான். மைக் பார்க்கிங் வரை போகவில்லை.

மறுநாள் வீட்டில் பேத்தி ஆபீஸ் விளையாட்டு ஆரம்பித்தாள். அம்மா மாதிரி மேஜையில் உட்காருவாள் என்று பார்த்தால், கூடத்து வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டுக்கொண்டாள். காபி டம்ளரோடு வந்த என்னை நிறுத்தி, போனை வாங்கிக் கேமராவின் மேல் பொட்டு ஒன்றை ஒட்டி, நோட்டைப் புரட்டினாள்.

“உங்க பேரு லிஸ்ட்ல இல்லியே தாத்தா. அப்படி ஓரமா நில்லுங்க.”